அப்பா ட்ரக்கிலை

எனக்குப் பொறுமை கிடையாது. வின்னிப்பெக்குக்கும் அதற்கு அங்காலும் ட்ரக் ஓட்டுகிறவனுக்கு ரோட்டில் எங்கிருந்தோ பொறுமை வந்துவிடும், வீட்டில் வராது. கல்யாணம் முடித்த முதல் கிழமையே வேரோனிக்கா இதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

மாதத்தில் பாதிக்கு மேல் நான் வீட்டில் இல்லை. மகன் மாக்கஸுக்கு ஏழு வயது, அவனோடு பிரச்சினை இல்லை. மகள் றெஜினாவுக்கு நாலு. அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் முன்னால் வந்து நிற்பாள், அவ்வளவுதான். ஆராவது "அப்பா எங்கை?" என்று கேட்டால், தாய் பழக்கிவிட்டபடி "அப்பா ட்ரக்கிலை" என்பாள். போன ஞாயிறு பூசை முடிந்து நான் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு அன்ரிக்கு அப்படித்தான் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து காரணமே இல்லாமல் மாக்கஸோடு எரிந்து விழுந்தேன்.

திங்கட்கிழமை திரும்பவும் ட்ரக் ஏற வேண்டும். அதற்குள் ஒருதரமாவது அவள் வாயால் 'அப்பா' என்று கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு விசர் பிடித்தது. சனிக்கிழமை இரண்டு பேரையும் ரூஜ் பார்க் காட்டுக்கு வெளிக்கிடுத்தினேன்.

"நிலம் இன்னும் காயேல்லை, அன்பு. சின்னவளுக்கு உந்த ஏத்தம் சரிவராது. வீட்டிலை வைச்சிருங்கோவன்," என்றாள் வேரோனிக்கா. அவளுக்கு முதியோர் இல்லத்தில் பகல் வேலை.

"எனக்குத் தெரியும், நீ போ."

என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. மேட்டில் ஏறி இறங்கினால் பிள்ளை ஒட்டிவிடும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டது.

முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது எனக்குத்தான். பாதை முழுக்க மர வேர், வேருக்கு இடையில் களிமண். மேலே போகப் போக ஒடுங்கி, இரண்டு பக்கமும் சரிவு. கீழே உருகிய பனித் தண்ணீரோடு ஆறு இரைந்துகொண்டு போனது.

"கையைத் தாங்கோ குஞ்சு, வழுக்கும்," என்றேன். றெஜினா இரண்டு கையையும் ஜாக்கெட் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டாள். நாயோடு வந்த வெள்ளைக்காரனுக்குக்கூட "ஹாய் அங்கிள்" கிடைத்தது.

"டாட், லுக்!" என்று கத்திக்கொண்டு மாக்கஸ் விழுந்து கிடந்த மரத்தில் ஏறினான். அடுத்த கணம் ஆளைக் காணவில்லை. சரிவில் இழுபட்டுப் போய் ஒரு பற்றைக்குள் இடுப்பளவுக்குப் புதைந்து கிடந்து அழுதான். றெஜினாவை மரக்குற்றியில் இருத்தி, கையில் ஜூஸ் பெட்டியைக் கொடுத்து, "அசையக் கூடாது!" என்று உறுக்கிவிட்டு இறங்கினேன். அவனுடைய சப்பாத்து ஒன்று களிக்குள் போய்விட்டது. அதைத் தோண்டி எடுத்து, அவனையும் இழுத்துக்கொண்டு மேலே வந்தால், குற்றியில் ஜூஸ் பெட்டி மட்டும் இருந்தது.

"றெஜினா!"

ஆறு மட்டும் இரைந்தது. அந்தப் பக்கச் சரிவை எட்டிப் பார்த்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். கத்தும்போதுதான் உறைத்தது, என் குரலுக்கு அவள் எந்த நாளும் பதில் சொன்னதில்லை. மடு மாதாவே, பிள்ளையைக் காட்டித் தா. சும்மா வீட்டில் இருந்த பிள்ளையை நானல்லவா கொண்டுவந்தேன்! வேரோனிக்காவுக்கு போன் எடுக்கக் கை வரவில்லை.

மாக்கஸும் கத்தினான். எதிரே ஓடி வந்த ஒரு பெண்பிள்ளை காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு, பிங்க் சப்பாத்துப் போட்ட சின்னப் பிள்ளையா என்று கேட்டாள். பெரிய குடும்பம் ஒன்றோடு பார்க்கிங் பக்கமாகப் போகிறதாம்.

மாக்கஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். விழுந்தேன், எழும்பினேன், ஓடினேன். வளைவு தாண்டியதும் கண்டேன். எங்கட சனம்தான். காட்டுக்குள்ளும் கூலர், மூடி போட்ட அலுமினியத் தட்டு, முன்னாலும் பின்னாலும் பிள்ளைகள். அந்தப் பட்டாளத்துக்குள் ஒரு பிள்ளை கூடினால் ஆருக்குத் தெரியப்போகிறது? நடுவில் என் மகள், ஒரு கையில் கடித்த ரோல்ஸ், மற்றக் கை ஒரு பருத்த அம்மாவின் கைக்குள்.

"றெஜினா!" என்று பாய்ந்தேன். அவள் அந்த அம்மாவின் பின்னால் ஒளித்தாள்.

"பொறுங்கோ தம்பி. ஆர் நீங்கள்?"

"தகப்பன்! விடுங்கோ பிள்ளையை!"

"தகப்பன் ட்ரக்கிலையாம். நான் கேட்டனான்," என்றாள் அவள். "அவர் பார்க்கிங்கிலை நிக்கிறார் எண்டுதான் கூட்டிக்கொண்டு போறம். முதலிலை என்ரை தங்கச்சியின்ரை பிள்ளை எண்டு நான் நினைச்சன், அவள் என்ரை மருமகளின்ரை எண்டு நினைச்சிருக்கிறாள்."

"நான்தான் அந்த ட்ரக்!" என்று கத்தினேன். என்ன பேச்சு இது! றெஜினா இன்னும் உள்ளுக்குப் போனாள்.

"பிள்ளை உங்களைக் கண்டு ஒளிக்குது. என்ரை பேர் யோகமலர், ஆரிட்டையும் கேட்டுப் பாருங்கோ, நான் லேசிலை குடுக்க மாட்டன்."

"ஷீ இஸ் மை சிஸ்டர். தட்ஸ் அவர் டாட்," என்றான் மாக்கஸ்.

"நீர் பொறும் அப்பன். சின்னவ சொல்லட்டும்." அவள் குனிந்தாள். "குஞ்சு, உவர் ஆர்?"

என் போனில் படங்கள் இருந்தன. லைசன்ஸும் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். எடுக்கவில்லை. எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. பொறுமை இல்லாத நான் அந்தக் களியிலேயே சப்பாணி கட்டி இருந்துவிட்டேன். பயமாக இருந்தது. 'அங்கிள்' என்று சொன்னாளென்றால்?

றெஜினா எட்டிப் பார்த்தாள். என் களி பிடித்த காற்சட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். ரோல்ஸின் கடைசித் துண்டை ஆறுதலாகச் சப்பி விழுங்கினாள்.

"அப்பா," என்றாள், அந்த அம்மாவிடம். "ட்ரக்காலை இறங்கீட்டார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தேன். யோகமலர் பிள்ளையின் கையை விட்டுவிட்டு, "அழாதையுங்கோ தம்பி, இந்தாங்கோ," என்று எனக்கும் ஒரு ரோல்ஸ் தந்தாள். பிறகு, "இனிமேல் பிள்ளையைத் தனிய இருத்தினால் நல்லாப் பேச்சு வாங்குவியள்," என்று சொல்லிவிட்டுத் தன் பட்டாளத்தோடு நடந்தாள்.

நாங்கள் மூன்று பேரும் பின்னால் நடந்தோம். கொஞ்சத் தூரம் போனதும் றெஜினா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"திருப்பி ட்ரக்கிலை ஏறுவீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஓம். திங்கட்கிழமை."

அவள் நின்று யோசித்தாள். பிறகு பொக்கற்றிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மேலே நீட்டினாள்.

"அப்ப இண்டைக்குத் தூக்குங்கோ."