கழற்றி மாட்டலாம் என்றார்கள்

இப்போதெல்லாம் எவனும் எதையும் திறந்து பார்த்து வாங்குவதில்லை. வாவு முகம்மதுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ராமநாதபுரத்தில் அசாருதீனின் கம்ப்யூட்டர் கடையில் அவர் உட்கார்ந்திருக்கும்போதே ஒருவன் வந்தான், அலமாரியில் இருந்த பெட்டியை நோக்கி விரலை நீட்டினான், போனைத் தட்டிப் பணம் அனுப்பினான், பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான். உள்ளே செங்கல் இருந்தாலும் வீட்டுக்குப் போய்த்தான் தெரியும்.

"மீனுக்குச் செவுளத் தூக்கிப் பாக்குறான். இதுக்கு மூடியத் தூக்கிப் பாக்க மாட்டேங்குறான்" என்றார்.

"மீனு நாறும் மாமா, இது நாறாது" என்றான் அசாருதீன். அவன் முன்னால் மேசையில் அவருடைய மகள் ஹாஃபிஸாவின் லேப்டாப் கிடந்தது. கனத்த கறுப்புச் சாமான். அவள் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இதவிடப் பலமான கார்டு வருமா வராதா, அதச் சொல்லு."

"வராது மாமா. கம்பெனி இந்த மாடலையே விட்டுருச்சு. அடுத்து வந்ததுக்கு கார்டோட அளவு வேற, மாட்டுற இடமும் வேற."

"மாத்தலாம்னு நீதான சொன்ன?"

"இப்பவும் மாத்தலாம் மாமா. மாத்துறதுக்குக் கார்டுதான் இல்ல."

லேப்டாப்பை வாங்கிய நாளில் இதே மேசைமேல் இரண்டு இருந்தன. ஹாஃபிஸா கைவைத்தது மெல்லிசானது. அதுதான் வேகம் என்றாள். கேம் விளையாடுகிறவர்களுக்காகச் செய்ததுதான் இரண்டும். ஆனால் அவளுடைய படவேலைக்கும் அந்தக் கிராபிக்ஸ் கார்டுதான் வேண்டும். வாவு முகம்மது இரண்டையும் திறக்கச் சொன்னார். மெல்லிசானதில் எல்லாம் ஒரே தகட்டில் ஒட்டிக் கிடந்தது. கனத்ததில் அசாருதீன் நாலு திருகாணியைக் கழற்றிக் கார்டைத் தனியாக எடுத்துக் காட்டினான். புதுசு வந்தால் இதைக் கழற்றி அதை மாட்டிக்கொள்ளலாம் என்றான். அவருக்கு வேறு பேச்சு வேண்டியிருக்கவில்லை. புதுமடத்துக் கரையில் அவருடைய வள்ளம் எத்தனை எஞ்சின் கண்டிருக்கிறது. எஞ்சின் போனால் எஞ்சினை மாற்றுவான், வள்ளத்தையா கொளுத்துவான்? "கழட்ட முடியாத சாமான என் மகளுக்கு நான் வாங்கித் தர மாட்டேன்" என்றார். ஹாஃபிஸா மெல்லிசானதிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கையை எடுத்த அந்த விதம் அவருக்கு இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அப்போது அதைப் பார்த்ததாகவே தோன்றவில்லை.

புருஷன் வீடு வேண்டாமென்று திரும்பி வந்தபிறகு அவளுக்கென்று இருந்தது அந்த வேலைதான். சவூதியிலும் கத்தாரிலும் இருக்கிறவர்கள் ஊரில் வீடு கட்டுவார்கள். கட்டுவதற்கு முன்பே வெயில் விழுகிற வாசலும் நிழல் விழுகிற சுவருமாக அந்த வீட்டை அவள் படமாக்கி அனுப்புவாள். இப்போது ராமநாதபுரத்து பில்டர் ஹசன் அலி ஒரு காலனி முழுவதையும் கேட்டிருந்தார். படம் போதாது, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நடந்துபோவது போல வீடியோ வேண்டும், நோன்புக்கு முன்னால் வேண்டும். அது சரியாக வந்தால் அவருடைய எல்லா வேலையும் இனி அவளுக்குத்தான். இருக்கிற கார்டுக்கு அவ்வளவு பலம் இல்லை. லேப்டாப் ஒரு அறையைக் காட்டிவிட்டு அடுத்த அறை வாசலில் நின்றுவிடும். விசிறி மட்டும் ஓடும். அந்தச் சத்தம் கூடத்தில் படுத்திருக்கிற அவருக்குக் கேட்கும்.

கடையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவர் மண்டபத்தை நினைத்துக்கொண்டு வந்தார். மண்டபத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிற தனுஷ்கோடி. எஞ்சின் கம்பெனிக்காரன் இல்லையென்று கைவிரித்த சாமானையெல்லாம் அவன்தான் இரும்பில் கடைந்து கொடுத்தான். மாதிரியைக் கையில் கொடுத்தால் போதும்.

இரண்டாம் நாள் ஹாஃபிஸா உச்சிப்புளிக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனாள். வாவு முகம்மது லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, தையல் மிஷின் திருப்புளியால் திருகாணிகளைக் கழற்றினார். கார்டிலிருந்து நாடா மாதிரி ஒன்று ஓடிப் பக்கத்தில் செருகியிருந்தது. அன்றைக்கு அசாருதீன் அதை எப்படி எடுத்தான் என்று அவர் கவனித்திருக்கவில்லை. பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. கார்டைத் துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு மண்டபம் பஸ் ஏறினார்.

தனுஷ்கோடி கையை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் அதை வாங்கினான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"இதுல கடையிறதுக்கு என்ன பாய் இருக்கு?"

"இதே அளவு. ஆனா இதவிடப் பலமா ஒண்ணு வேணும்."

தனுஷ்கோடி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒரு ஏச்சு ஏசிவிட்டுத் திரும்பியிருப்பார். அவன் கார்டைத் துணியில் அவர் சுற்றியிருந்தது போலவே சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து மூடினான். "டீ சாப்பிடுவோம் வாங்க பாய்" என்றான்.

ஹாஃபிஸா வந்தபோது லேப்டாப் வயிறு திறந்து கிடந்தது. அவர் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒளிக்கத் தெரியாத மனுஷன். எங்கே போனார், எதற்குப் போனார் என்று எல்லாவற்றையும் சொன்னார்.

"லேத்துலயா வாப்பா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு குனிந்து உள்ளே பார்த்தாள். நாடா செருகியிருந்த இடம் தகட்டிலிருந்து பிய்ந்து நாடாவோடு தொங்கியது. சிரிப்பு நின்றது. கல்யாண வீட்டுச் சேலையை மாற்றாமலேயே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பிய்ந்த இடத்தில் நாடாவை வைத்து வைத்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம்.

அசாருதீன் எங்கெங்கோ கொடுத்தனுப்பிப் பார்த்தான். நாடாவைப் பிடித்திருக்கிற சின்னப் பூட்டைத் தூக்கிவிட்டுத்தான் அதை இழுக்க வேண்டும் என்றான். பழைய வேலைகூட இனி அதில் ஓடாது. காலனி வேலை மதுரையில் யாருக்கோ போனது. ஹசன் அலி குறை சொல்லவில்லை. பிறகு பார்ப்போம் என்றார்.

பெருநாள் கழித்து மறுபடி அதே கடை, அதே மேசை. ஹாஃபிஸா ஒரு மெல்லிசான பெட்டியைக் காட்டினாள்.

"மூடியத் திற" என்றார் வாவு முகம்மது.

"திறந்தா வாரண்டி போயிரும் மாமா. திறந்தாலும் மாத்துறதுக்கு ஒண்ணுமில்ல. எல்லாம் ஒட்டுனது."

"கெட்டுப்போனா?"

"புதுசுதான் வாங்கணும்."

"அப்ப இதுக்கு எதுக்குக் காசு?"

ஹாஃபிஸா அவர் பக்கம் திரும்பவில்லை. "வாப்பா, இந்தத் தடவ நான் பாத்துக்கிறேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

அவர் எழுந்து வெளியே வந்தார். அன்றைக்கே அவள் கைவைத்ததை வாங்கியிருந்தால் காலனி கைக்கு வந்திருக்கும். அதை அவர் மறுக்கவில்லை. தன்னால்தான் போயிற்று என்பதும் தெரியும். ஆனால் கழற்ற முடியாத ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவது எந்த ஊர் நியாயம் என்று யாராவது சொல்ல வேண்டும். அசாருதீன் சொன்னது பதில் இல்லை. மகள் சொன்னதும் பதில் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எதிலோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தபடி பீடிக்காகச் சட்டைப் பையில் கைவிட்டார். அன்றைக்குக் கழற்றிய திருகாணி ஒன்று அடியில் தட்டுப்பட்டது. நின்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எறும்பளவு இருந்தது. கயிறு இழுத்துத் தடித்த விரலால் உருட்டினால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கையை மூடிக்கொண்டு நடந்தார்.