அடுக்களையிலிருந்து நாலு கிலோமீட்டர்

டெஸ் ட்ரெமெய்னின் வீட்டில் அடுக்களையிலிருந்து படுக்கையறை நாலு கிலோமீட்டர். நடுவில் இரண்டு ஓடை, மூடிய நிலக்கரிச் சுரங்கம் ஒன்று. மழை இல்லாவிட்டால் ஒன்றேகால் மணி நேரம். வெஸ்ட்போர்ட் ஊருக்கு வடக்கே, எங்கள் பக்கம், 'மழை இல்லாவிட்டால்' என்று பேசுவது பழக்கமில்லை.

சுரங்கம் மூடி, மர அறுவை ஆலையும் மூடியபின் எங்களிடம் மிஞ்சியது நடப்பதுதான். கரி வண்டியும் மரவண்டியும் போன தடங்களைச் செதுக்கி, கடலோரமாக நடைபாதை போட்டார்கள். கடும் மூடுபனியில் பாதைக் குழுத் தலைவர் வெய்ன், 'தங்கும் குடிலுக்கு 4 கி.மீ.' என்ற பலகையை நல்ல ரிமு மரமாகப் பார்த்து அறைந்தார். அது டெஸ் வீட்டு அடுக்களைக் கதவின் நிலைக்கால். ஆலையில் முப்பது வருஷம் பட்டை உரித்த டெஸ் தன் வீட்டு மரத்துக்கு மட்டும் பட்டை உரிக்கவில்லை. பாதை பலகைக்குக் கட்டுப்பட்டது: அடுக்களைக்குள் நுழைந்து நாலு கிலோமீட்டர் நீண்டு, படுக்கையறையைக் குடிலாக்கிக்கொண்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மனைவி மெர்லுக்கு வழக்கம்போல் டீ எடுத்துக்கொண்டு கிளம்பிய டெஸ், எட்டேகாலுக்குப் படுக்கையறை போய்ச் சேர்ந்தார்.

"இது டீயா, குட்டைத் தண்ணியா?" என்றாள் மெர்ல்.

"வழியில ரெண்டு ஓடை, மெர்ல்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் பலகையைப் புடுங்கு. இல்லைன்னா கிரேமவுத்துல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அங்க அடுக்களையும் கட்டிலும் ஒரே வீட்டுல இருக்கு."

டெஸ் பிடுங்கவில்லை. முன்பு எவனோ குளிருக்கு ஒரு பலகையைப் பிடுங்கி எரித்தான். அதை நம்பி வந்த மூன்று மரவெட்டிகள் பனிக்குள் நேராகக் கடலுக்குள் நடந்துவிட்டார்கள். அதன்பின் இந்தக் கரையில் ஒருவன் மாமியாரை விற்கலாம், அறைந்த பலகையைத் தொடக்கூடாது. மெர்லுக்கும் இது தெரியும். ஆனால் ஆறிய டீயும் தெரியும்.

ஞாயிறு காலை அவளே பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, சுத்தியலோடு அடுக்களைக்குக் கிளம்பினாள். சுரங்க வாசலில் ஒரு ஜெர்மன் ஜோடி, உள்ளாடை வரை நனைந்து, உதடு நீலமாக நின்றது.

"பலகை போட்டிருந்துச்சும்மா. குடில் இன்னும் எவ்வளவு தூரம்?"

"இன்னும் ரெண்டு. கட்டில்ல படுத்துக்கோங்க, கம்பளி அலமாரில இருக்கு. சிவப்புச் சட்டை மட்டும் என்னோடது, அதைத் தொடாதீங்க."

அடுக்களைக்கு வந்தபோது பலகை ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. மெர்ல் சுத்தியலை ஓங்கி ஆணியை இன்னும் ஆழமாக அறைந்தாள்.

"நாளைக்கு டீயைத் தூக்கிட்டு வராதே. கேத்தலைத் தூக்கிட்டு வா. பாதி வழி நான் வர்றேன்."

அப்படியே நடந்தது. தினமும் சுரங்க வாசலில் கரித்துண்டு பொறுக்கிக் கொதிக்க வைத்தார்கள். மெர்லின் முழங்கால் வலி இரண்டாம் வருஷம் போயிற்று. டெஸ் மூன்றாம் வருஷம் பேச ஆரம்பித்தார். அதற்குமுன் முப்பத்தோரு வருஷ டீயிலும் சேர்த்து அவர் பேசியது ஒரு தபால் அட்டைக்குத் தேறாது.

பதினோராம் வருஷம் பாதையை அளக்க நில அளவையாளர் கோலின் வந்தார். முறையானவர், உள்ளே அளந்ததும் வெளியேயும் அளந்தார். படுக்கையறை ஜன்னலிலிருந்து வீட்டைச் சுற்றி அடுக்களை ஜன்னலுக்கு, புல்வெளி வழியாகப் பதினான்கு அடி எடுத்துவைத்தால் போதும். ஜன்னலில் நின்ற மெர்லிடம் அதைச் சொன்னார்.

"தெரியும் தம்பி. அந்தாளு காதுல மட்டும் போட்டுடாதே."

பதினான்கு அடி நடந்து, அடுக்களையில் இருந்த டெஸ்ஸிடமும் அதையே சொன்னார்.

"எனக்கு எட்டு வருஷமாத் தெரியும்டா. மெர்ல்கிட்ட உளறினே, கேத்தலாலயே போடுவேன்."

கோலின் சற்று யோசித்து, பதிவேட்டில் எழுதினார்: அடுக்களை முதல் படுக்கையறை வரை, நாலு கிலோமீட்டர். வேறு வழி இல்லை.