மாமிசத்துக்குச் சமமான மாவு

யுத்தத்தால் பர்மா அரிசி நின்றுபோய், மரச்சீனிக் கிழங்குக்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற வருஷம். உணவு இலாகா அதிகாரி ஞானசிகாமணி, தற்காலிக குமாஸ்தா பஞ்சாபகேசனிடம் சோயா மாவு மூட்டைகளைக் காட்டினார்.

"கோட்டைக்குள்ள உம்ம அக்கிரகாரத்துல நாப்பது குடும்பம் ஒரு மாசம் இதைத் தின்னு கையெழுத்துப் போடணும் ஐயரே. போட்டா உம்ம வேலை ஸ்திரம். இல்லைன்னா வீட்ல இரியும்."

பஞ்சாபகேசனே நோட்டீஸ் எழுதி அக்கிரகாரத்தில் ஒட்டினார்: 'ஒரு ராத்தல் சோயா மாவு இரண்டு ராத்தல் மாமிசத்துக்குச் சமம்.'

மறுநாள் குழாயடியில் அவரைக் கண்டதும் அடுத்த வீட்டு வாலாம்பாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினாள்.

"வெறும் பயறுடீ அது!" என்றார் மனைவி விஜயத்திடம்.

"அப்போ பயறுக்குச் சமம்னு எழுதறதுக்கென்ன?"

தெருவுக்குத் தீர்ப்புச் சொல்பவர் சாம்பசிவ சாஸ்திரிகள். மாவை முகர்ந்து பார்த்தார்.

"பயறாட்டம்தான் இருக்கு. ஆனா சர்க்கார் மாமிசம்னு அச்சடிச்சுடுத்தே! சாப்பிடலாம். சாப்பிட்ட கையோட பஞ்சகவ்யம் சாப்பிட்டுப் பிராயச்சித்தம் பண்ணிக்கணும்."

"பாலும் தயிரும் நெய்யும் இந்தப் பஞ்சத்துல ஆர் தருவா?" என்றார் பஞ்சாபகேசன்.

"பாவத்தைத் தந்தவா தரட்டும், ஓய்!"

ஞானசிகாமணி வேதக்காரர், கிறிஸ்தவர். "பஞ்சகவ்யமா? அது என்னவே, மருந்தா?" என்று கேட்டார்.

"சோயாவுக்கு முறிவு, சார்."

பாலுக்கும் தயிருக்கும் நெய்க்குமான செலவுச் சீட்டில் அவர் கையெழுத்திட்டார்.

முதல் நாள் ஆபீசுக்கு ஆறு குடும்பம் வந்தது. சாணமும் கோமூத்திரமும் சிலருக்குக் குமட்டின. "யுத்த காலமோன்னோ, மத்த மூணு போதும்" என்று சாஸ்திரிகள் சலுகை கொடுத்தார். வாரம் முடிவதற்குள் நாற்பதும் நிறைந்தது. ஒரு சிட்டிகை மாவு, பிறகு ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் கெட்டித்தயிர், கரண்டி நிறைய நெய். சிலர் சாயங்காலமும் வந்து பாவம் செய்தார்கள். கோட்டைக்கு வெளியே கரமனையிலிருந்து நடந்தே வந்தவர்களைப் பஞ்சாபகேசன் திருப்பி அனுப்பவேண்டியிருந்தது.

மாத முடிவில் எல்லோரையும் தராசில் நிறுத்தினார்கள். தலைக்கு நாலு ராத்தல் ஏறியிருந்தது.

"பாத்தீரா சோயாவுக்க மகத்துவத்தை!" என்றார் ஞானசிகாமணி.

"சார், அந்த நெய்..."

"முறிவு குடுத்தும் இவ்வளவுன்னா, குடுக்காம இருந்தா எவ்வளவு ஏறியிருக்கும்! மேலே எழுதியாச்சு, வே."

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. பஞ்சாபகேசனின் வேலை ஸ்திரம். அடுத்த மாதம் இருநூறு குடும்பங்கள். சோயாவே போதுமென்று நிரூபணமாகிவிட்டதால், பாலும் தயிரும் நெய்யும் உடனே நிறுத்தப்படுகின்றன.

விஜயத்துக்கு அவர் முதல் வரியை மட்டும் வாசித்துக் காட்டினார்.

"ஸ்திரமாயிடுத்தா!" அவள் சந்தோஷத்தில் கேசரிக்கு வாணலியை ஏற்றினாள். "ஆபீஸ்லேர்ந்து கொஞ்சம் நெய் எடுத்துண்டு வரப்படாதோ?"