ஒன்பது பவுண்டுப் பூனை

அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் பிப்ரவரிப் பிற்பகல்கள் பாதித் தூக்கத்திலேயே கழியும். அன்றும் ஏரிப் பக்கமிருந்து வந்த பனி ஓசையில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. எல்ம்கிரெஸ்ட் குடியிருப்பின் பன்னிரண்டு வீடுகளும் போர்வைக்குள் கிடப்பது போலக் கிடந்தன. சுவரோரத்து வெப்பக் குழாய்கள் மட்டும் உஸ்ஸென்று மூச்சுவிட்டன. கீழ்த்தளத்து அறையில் மேலாளர் லொரெட்டா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஒரு படிவத்தை மூன்றாம் முறையாகப் படித்தார்.

வளர்ப்புப் பிராணிக்கான படிவம் அது. இரண்டாம் மாடியில் அவ்வப்போது மெல்லிய கத்தல் கேட்கிறது என்று மற்றக் குடித்தனக்காரர்கள் சொன்னார்கள். பூனைதான் என்று தானாகவே முடிவு கட்டி, கதவிடுக்கில் அந்தப் படிவத்தைச் செருகிவிட்டு வந்தவர் லொரெட்டா. அங்கே பூனைக்குத் தடையில்லை, பதிவு செய்தால் போதும். அந்த வீட்டில் குடியிருந்த டெஸ்ஸா எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பித் தந்திருந்தாள். பெயர் ஜூனி. நிறம் செம்பு. வயது ஐந்து வாரம். எடை ஒன்பது பவுண்டு.

ஒன்பது பவுண்டு என்றால் நம் கணக்கில் நாலு கிலோ.

"அஞ்சு வாரத்துக் குட்டி ஒம்பது பவுண்டா? இவ பூனை வளக்கறாளா, புலி வளக்கறாளா?" என்று தனக்குள் முனகிக்கொண்டே, மறுநாள் நேரில் வந்து பார்ப்பதாக அறிவிப்பு எழுதி டெஸ்ஸாவின் கதவில் ஒட்டினார்.

அந்தக் கட்டடத்து விளம்பரத்தில் 'அமைதியான இல்லம்' என்று இரண்டு சொற்கள் உண்டு. படிக்க இனிக்கும். உள்ளே இருக்கும் பொருளோ, பிள்ளைகுட்டிக்காரர்கள் வர வேண்டாம் என்பது. பளிச்சென்று சொன்னால் சட்டம் பிடித்துக்கொள்ளும் என்பதால் இந்த மூடுமந்திரம். ஃப்ளோரிடாவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் உரிமையாளர் காஸ்கில் சொல்லிக்கொடுத்தது அது. செப்டம்பரில் வீடு பார்க்க வந்த டெஸ்ஸாவிடமும் லொரெட்டா அதைத்தான் சொன்னார்: "இது அமைதியான வீடு கண்ணு, புரியுதில்ல?" ஐந்து மாத வயிற்றைத் தொளதொளச் சட்டைக்குள் மறைத்திருந்தவள் புரிகிறது என்று தலையாட்டினாள். பிள்ளையின் தகப்பன் அதற்கு முன்பே கம்பி நீட்டியிருந்தான். வீடு தேடி ஊரில் அவள் ஏறி இறங்காத படியில்லை.

மறுநாள் கதவு திறந்ததும் பால் வாசனை வந்தது. ஜன்னலில் பனியின் வெளிச்சம் நீலமாகத் தேங்கியிருந்தது.

"ஜூனி எங்க கண்ணு? ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடறேன். கடிக்குமா?"

"இல்ல மிஸ் லொரெட்டா, தூங்குது. ரொம்பக் கூச்சம் அதுக்கு."

"இருக்கற கனத்துக்குக் கூச்சம் வேறயா!"

ஐந்து வாரமாகச் சரியாகத் தூங்காத டெஸ்ஸாவுக்கு அந்தக் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலிருந்தது. அறை மிதந்தது. பனி கீழிருந்து மேலே போவது போலக்கூடத் தோன்றியது. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: பிள்ளை அகப்பட்டால் இந்தக் குளிரில் போக இடமில்லை.

துணி அலமாரிக்குள்ளிருந்து அழுகை கிளம்பியது. இரண்டு பிள்ளை பெற்ற லொரெட்டாவுக்கு, இவ்வளவு பக்கத்தில் அந்தக் குரல் தப்புமா? காற்றுக்காக ஒரு விரல் இடைவெளி விட்டிருந்த கதவை முழுக்கத் திறந்தார். குளிர்ச்சட்டைகளுக்கு அடியில், சலவைக் கூடைக்குள், செம்பட்டை முடியோடு ஒரு பெண் குழந்தை தன் கையைத் தானே சப்பிக்கொண்டு அழுதது.

"வெளிய அனுப்பிடாதீங்க," டெஸ்ஸா அழுதாள். "அழ விடாமப் பாத்துக்கறேன். பூனைன்னே இருக்கட்டுமே, யாருக்கும் தெரியாது."

'பூனைன்னே இருக்கட்டும்.' ஒரு தாய் வாயால் இதைச் சொல்ல வைத்துவிட்டோமே என்று லொரெட்டா வெட்கப்பட்டார். குழந்தையை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அழுகை விக்கலாகி அடங்கும்வரை முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு அங்கிருந்தே ஃப்ளோரிடாவுக்குப் போன் போட்டார்.

"படிவத்துல தப்பு மிஸ்டர் காஸ்கில். அது பூனை இல்ல, குழந்தை."

"அப்ப காலி பண்ணச் சொல்லு. அமைதியான வீடுன்னு சொல்லித்தானே விட்டோம்?"

"அதையே எழுதி அனுப்புங்க. குழந்தை இருக்கறதால காலி பண்ணச் சொல்றோம்னு உங்க கையெழுத்தோட. நான் போட மாட்டேன்."

காஸ்கில் சட்டென்று போனை வைத்துவிட்டார்.

"எழுதச் சொன்னா ஏன் பயப்படறாரு?" என்று டெஸ்ஸா கேட்டாள்.

"பிள்ளை இருக்குன்னு வீடு தர மறுக்கக் கூடாது, காலி பண்ணவும் சொல்லக் கூடாது. வயித்துல இருந்தாலும் அப்படித்தான். சட்டம் இருக்கு."

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். லொரெட்டா சொல்லவில்லை.

"தெரியும் கண்ணு. தன் உரிமை தெரியாதவங்க பயத்துக்கும் சேத்து வாடகை கட்டறாங்க. தெரிஞ்சும் வாயத் தொறக்காத என்னை மாதிரி ஆளுங்க, அந்த வாடகைய வசூல் பண்றோம்."