தோல்கிடங்குச் சந்தில் கேட்ட பாஸ்

1943 ஆகஸ்ட் மாதம் இரண்டாவது சனிக்கிழமை முதல், கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் பூலோகம் டபுள் பாஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தில் தட்டிய ஒவ்வொரு சுரமும், அதே நொடியில், எட்டு மைல் தள்ளி தாராவியில் அவர் குடியிருந்த தோல்கிடங்குச் சந்தின் சுவரிலும் கேட்டது. பாண்டில் இருந்த பியானோ கேட்கவில்லை, டிரம்பெட் கேட்கவில்லை, டிரம் கேட்கவில்லை. பாஸ் மட்டும் கேட்டது. அந்த வாரம் ரேஷன் அரிசியில் கல் அதிகம் என்று பேசிக்கொண்டிருந்த சந்துக்காரர்கள் இதையும் அதோடு சேர்த்துப் பேசிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

காரணம் தந்திதான். சண்டை வந்ததும் ஐரோப்பாவிலிருந்து வரும் குடல்தந்தி நின்றுபோனது. பம்பாயில் பாஸ் வாசித்தவர்கள் அறுந்த தந்தியை முடிச்சுப் போட்டு வாசித்தார்கள். சளி பிடித்தவன் பேசுவதுபோல இருந்தது. ஹோட்டல் பாண்டின் தலைவர் லோபோ மாஸ்டர் என்ற கோவாக்காரர், ஆட்டுத்தோல் இருக்கும் இடத்தில் ஆட்டுக்குடலைப் பற்றித் தெரிந்தவனும் இருப்பான் என்று நினைத்து, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தாராவிக்கு வந்தார். தொட்டிக்குள் இடுப்பளவு நின்று தோல் மிதித்துக்கொண்டிருந்த பூலோகத்திடம் பழைய தந்தி ஒன்றைக் கொடுத்தார். பூலோகம் யார் சொல்லையும் லேசில் நம்புகிறவர் இல்லை. தந்தியைக் கடித்து, மென்று, துப்பிய பிறகுதான் அது குடல் என்று ஒப்புக்கொண்டார். செய்து தருகிறேன் என்றார். தெரியுமா என்று லோபோ கேட்டதற்கு, தெரியாது என்றார்.

பாந்த்ரா அறுப்புக்கூடத்திலிருந்து குடல் வந்தது. பூலோகத்துக்குத் தெரிந்தது தோல் ஒன்றுதான். அதனால் குடலையும் தோலாகவே நினைத்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஒன்பது நாள் ஊறப்போட்டார். தந்தி செய்யத் தெரிந்த எவனும் செய்யாத காரியம் அது. குடல் பேரீச்சம்பழ நிறத்துக்கு வந்தது. அதைத் திரித்து இழுத்துக்கட்ட அறுபது அடி இடம் வேண்டும். தாராவியில் யாரிடம் இருக்கிறது? கிடங்குச் சுவர்க் கொக்கியிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை சந்து நெடுகக் கட்டினார்கள். சுவர் முனையைப் பூலோகத்தின் மனைவி பேராச்சி பிடித்தாள், நடுவில் ஆறு பெண்கள் நின்று முறுக்கினார்கள். பதினோரு நாள் சந்துக்காரர்கள் அதைத் தாண்டித் தாண்டித்தான் போனார்கள். முருகம்மாள் என்பவள் ஈரச்சேலையை அதில் காயப்போட்டு எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

லோபோவின் பாஸ்காரர் அதற்குள் பட்டாளத்து பாண்டோடு அஸ்ஸாம் போய்விட்டார். பூலோகமே ஹோட்டலுக்குப் போய்த் தந்தி மாட்டினார். நாலையும் ஒரேயடியாகக் கழற்றச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டினார். நாலும் ஒன்றாக இளகினால் உள்ளே முட்டுக்கொடுத்து நிற்கும் குச்சி விழுந்துவிடும் என்று லோபோவுக்குத் தெரியும். இந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்றுதான் தெரியவில்லை. மாட்டி முடித்துக் கனமான தந்தியை ஒரு தட்டு தட்டினார். பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊரில் சுடலைமாடன் கொடைக்கு வில்லுப்பாட்டில் ஒன்பது வருஷம் குடம் அடித்த கை அது. பாடுகிறவன் எங்கே போனாலும் அடியில் நின்று தாங்குவது அந்தக் கைக்குப் புதிது இல்லை. லோபோ நாலு மாதம் சொல்லிக்கொடுத்து, கறுப்புக் கோட்டு தைத்துக் கொடுத்து, பாண்டில் நிறுத்தினார்.

அந்த வேலையில் பூலோகம் தானாகக் கற்றது சிலது உண்டு. மற்ற பாஸ்காரர்கள் பின்னால் அவரிடம் வந்து கேட்டுப் போனார்கள், கேட்டதை வெளியே சொல்லவில்லை. வாத்தியத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. விலாவில் கைகொடுத்து, தந்தியைத் தாங்கி நிற்கும் பாலத்துக்கு அடி படாமல் முதுகோடு சாய்த்துத் தூக்க வேண்டும். ஹோட்டல் கூலியிடம் கொடுக்கவே கூடாது, அவன் சிரித்தால் அறவே கூடாது. மாஹிம் ஸ்டேஷனில் மீன்காரிகள் ஏறும் பெட்டியில்தான் ஏற வேண்டும். பெரிய சாமானோடு திண்டாடுகிறவனின் கஷ்டம் அவர்களுக்குத் தெரியும், கூடையை நகர்த்தி இடம் விடுவார்கள். மழைக்காலத்தில் தந்திக்கு விளக்கெண்ணெய் தொட்டுத் தடவ வேண்டும், சொட்டவிடக் கூடாது. வழவழப்பான தரையில் வாத்தியத்தின் கால்முனை வழுக்கும். அடியில் ஒரு துண்டுத் தோல் போட்டால் நிற்கும். டிரம்காரனின் வலதுகால் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும், அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம், முகம் பொய் சொல்லும். சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போக வேண்டும். மற்றவன் நூறு சுரம் வாசிக்கும் இடத்தில் நாலு சுரம் வாசித்தால் போதும், ஆனால் அந்த நாலும் வர வேண்டிய நேரத்தில் வந்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: பாட்டு நடக்கும்போது ஊதுகிறவன் மூச்சு வாங்க நிறுத்தலாம், பியானோக்காரன் தாளைப் புரட்ட நிறுத்தலாம், பாஸ்காரன் நிறுத்தக் கூடாது. நிறுத்தினவனை லோபோ அடுத்த நாள் வரச் சொன்னதில்லை. பூலோகம் ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை. தோல் தொட்டியிலிருந்து வந்த மனுஷன் கோட்டையில் தலை நிமிர்ந்து நடந்தது அந்த ஒன்றை வைத்துத்தான்.

மாலை ஐந்திலிருந்து எட்டுவரை ஹோட்டலில் டான்ஸ். அந்த மூன்று மணி நேரமும் சந்தில் சுவர் முழங்கியது. பெண்கள் அதற்கேற்ப மாவிடித்தார்கள். அழுகிற பிள்ளைகளைச் சுவரில் சாய்த்துவிட்டார்கள், பிள்ளைகள் தூங்கிப்போனார்கள். பக்கத்து லேபர் கேம்ப்பிலிருந்து ஆட்கள் வந்து காது கொடுத்துவிட்டுப் போனார்கள். பூலோகத்துக்குத்தான் நிம்மதி போனது. தவறு செய்தால் ஹோட்டலில் லோபோ ஒருவருக்குத்தான் தெரியும். சந்தில் நாற்பது வீட்டுக்கும் தெரிந்தது.

"நேத்து மூணாவது பாட்டுல அப்படி ஓட்டமா ஓடுனீரே, பொறத்தால நாய் கீய் வெரட்டுச்சோ?" என்பாள் பேராச்சி, சோற்றைப் போட்டுக்கொண்டே.

பூலோகம் சோற்றைப் பிசைவார். அடுத்த நாள் அந்தப் பாட்டில் ஓடமாட்டார். இப்படியே ஒன்றரை வருஷத்தில் பம்பாயில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று ஆனது. இதை லோபோ சொன்னார். லோபோ யாரையும் புகழ்கிற ஆள் இல்லை.

1945 பிப்ரவரியில் சந்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். ரேடியோ லைசென்ஸ் பார்க்கிறவர், மாட்டுங்காவில் குடியிருந்த வேங்கடசுப்ரமணியன். கூட ஒரு போலீஸ் ஹவில்தார். லைசென்ஸ் இல்லாத ரேடியோ ஒன்று தினமும் பாடுகிறது என்று யாரோ மொட்டைக்கடிதம் போட்டிருந்தான். இன்ஸ்பெக்டர் சந்தில் நின்று கால் மணி நேரம் கேட்டார். சாதாரண ரேடியோவாக இருந்தால் அபராதத்தோடு போயிருக்கும். ஒற்றை வாத்தியம் மட்டும் தனியாகக் கேட்டதுதான் அவருக்கு உறுத்தியது. சண்டைக்காலம்.

"எந்த ஸ்டேஷன்லயும் இப்படி ஒத்தை வாத்தியம் வராதும்மா. இது சங்கேதம். செட்டை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கேள்?"

"செட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல சாமி. எங்க வீட்டுக்காரரு கோட்டையில வாசிக்காரு, இங்க கேக்குது."

"எட்டு மைலுக்கா?"

"மழை இல்லன்னா தெளிவா கேக்கும்" என்றாள் பேராச்சி.

வீட்டைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். சுவரை ஒரு முழம் இடித்துப் பார்த்தார்கள். செங்கல்தான் இருந்தது, செங்கல்லும் முழங்கியது. சத்தம் அதிகமாக வந்தது பேராச்சி வீட்டுச் சுவரில் என்பதால் அவளைக் கைது செய்ய வேண்டும் என்று ஹவில்தார் நின்றான். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன், ஆனால் நம்பாத மனுஷன், பூலோகத்தைப் போலவே. அவர் ஒரு வழி சொன்னார். சனிக்கிழமை அவருடைய குமாஸ்தா பஞ்சு கடிகாரத்தோடு ஹோட்டலில் நிற்பான். அவர் கடிகாரத்தோடு சந்தில் நிற்பார். பஞ்சு தனக்குத் தோன்றிய நேரத்தில் கைக்குட்டையை உயர்த்துவான். அதைப் பார்த்ததும் பூலோகம் ஒரு நிமிஷம் வாசிப்பை நிறுத்த வேண்டும். இங்கேயும் அதே நிமிஷம் நின்றால் நம்புகிறேன், நிற்காவிட்டால் அந்த அம்மாள் ஸ்டேஷனுக்கு வர வேண்டியதுதான் என்றார்.

சனிக்கிழமை காலையில் இதைப் பற்றிப் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு வந்தது.

"ஒரு நிமிசந்தானய்யா. நிப்பாட்டிட்டுத் தொடங்கும்."

"ஆட்டம் நடக்கும்போதா? அம்பது சோடி காலு அந்தரத்துல நிக்குமட்டி."

"நின்னா நிக்கட்டும். வெள்ளைக்காரன் காலு."

"காலு எவன் காலா இருந்தா என்ன? நான் தாங்குதேன்னு நம்பித்தானே தூக்குதான்."

பேராச்சி, கோபமே இல்லாமல், "அப்ப நான் மாத்துச்சேலை ஒண்ணு எடுத்து வச்சுக்கிடுதேன்" என்றாள். அன்றைக்கு மட்டும் பூலோகம் வீட்டில் சாப்பிடாமல் போனார். ரயிலில் ஒரு மீன்காரி இவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையை இன்னும் தள்ளி வைத்தாள்.

ஐந்து மணிக்கு டான்ஸ் தொடங்கியது. தூணோரம் பஞ்சு ஒல்லியாக, வியர்த்துப்போய் நின்றான். அவ்வளவு வெளிச்சத்தில் அவன் நின்றதே இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் பூலோகத்தின் கண் அவன் கைக்குத்தான் போனது. என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. நிறுத்தினால் வேலை போகும்; போனால் போகட்டும், தொட்டி அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் நிறுத்தினவன் என்று ஆகிவிட்டால் பிறகு தொட்டியில் நிற்கவும் கூசும். பேராச்சியை ஹவில்தார் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதும் கண்ணுக்குள் வந்தது. ஆறு இருபதுக்கு, அந்த மாலையின் மிக வேகமான பாட்டு நடக்கும்போது, பஞ்சு கைக்குட்டையைத் தூக்கினான்.

பூலோகத்தின் வலதுகை நிற்கவில்லை. இடதுகை மட்டும் தந்தியை விட்டுவிட்டு, காதுக்கு மேலே, கனமான தந்தியின் திருகாணிக்குப் போனது. கை திருகாணியில் இருக்கும்போது விரலால் தந்தியை அழுத்த முடியாது. அழுத்தாத வெறும் தந்திகளை வைத்தே பாட்டை ஓட்ட வேண்டும். ஓட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நெல்லளவு திருகாணியை இளக்கினார். தாளம் ஒரு மயிரிழை நகரவில்லை. சுரம் மட்டும் படி இறங்கிக்கொண்டே போனது. லோபோ திரும்பிப் பார்த்தார். ஹோட்டலின் தரை ஒரு விரற்கடை கீழே போனது. ஆடினவர்கள் அதோடு சேர்ந்து இறங்கி, முன்னைவிட நன்றாக ஆடினார்கள். தந்தி தொளதொளவென்று ஆகும் இடம்வரை இறக்கிவிட்டு, அதே மாதிரி தட்டுக்கு ஒரு நெல்லாகத் திரும்ப ஏற்றினார். பாட்டு முடியுமுன் சுருதி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. தரையும் வந்துவிட்டது. பஞ்சு தூக்கின கையை இறக்க மறந்து அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு பூலோகம் மாஹிமில் இறங்கும்போது பஞ்சுவும் கூட இறங்கினான். சந்தில் இன்ஸ்பெக்டர் பேராச்சி வீட்டு வாசலில், கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். குடங்களில் தண்ணீர் வளையம் போட்டு நடுங்கியதையும், சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்ததையும், தான் சட்டென்று உட்கார்ந்துவிட்டதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பது வீடும் பார்த்தது. தாளில் மட்டும் எழுதியிருந்தார்: சத்தம் நிற்கவில்லை, 6.20 முதல் கீழே இறங்கியது, 6.24க்குத் திரும்ப ஏறியது. பஞ்சு தன் தாளை நீட்டினான். அதிலும் அதுவே இருந்தது. ஹவில்தார் இரண்டையும் வாங்கிப் பார்த்தான், தமிழ் தெரியாததால் எண்களை மட்டும் பார்த்தான், போதும் என்று கிளம்பிவிட்டான்.

"நிறுத்தச் சொன்னேனே ஓய். ஏன் நிறுத்தலை?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஆட்டம் நடந்துக்கிட்டு இருந்துச்சு" என்றார் பூலோகம்.

இன்ஸ்பெக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. வேலை தெரிந்தவனிடம் வேலையைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. ரிஜிஸ்டரில் கருவி என்ற இடத்தில் 'இல்லை' என்றும், சத்தம் என்ற இடத்தில் 'உண்டு' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேராச்சி உள்ளே போனாள், மாற்றுச்சேலையைக் கொடியில் திரும்பப் போட்டாள், சோற்றை எடுத்து வைத்தாள். சுருதி ஏறும்போது கொஞ்சம் அவசரப்பட்டீர் என்று சொன்னாள். பூலோகம் ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். அவர் அப்படி ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

சண்டை முடிந்து கப்பலில் இரும்புத்தந்தி வந்தபோது லோபோ ஒரு செட் வாங்கிக் கொடுத்தார். பூலோகம் ஒரு வாரம் வாசித்தார். அந்த வாரம் சந்து ஊமையாக இருந்தது. பிள்ளைகள் தூங்கவில்லை, இடித்த மாவு கப்பியாக வந்தது, ஒழுங்காக வேலைக்குத்தான் போகிறாரா என்று முருகம்மாள் பேராச்சியிடம் கேட்டுவிட்டாள். மறுவாரம் பழைய தந்தி ஏறியது. இன்ஸ்பெக்டர் ரிட்டையர் ஆகும்வரை சனிக்கிழமைகளில் சம்சாரம் வாலாம்பாளையும் கூட்டிக்கொண்டு வந்து வாளிமேல் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். சந்தில் புதிதாகக் குடிவருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இன்றும் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்: குழாய் காலை நாலரைக்கு வரும், பாஸ் சாயங்காலம் ஐந்துக்கு.