ஓட்டிப் பார்த்தது: மடிக்கணினி, சிறு பலகை

மார்ச் 6, வெள்ளி

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே அது தவறே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அம்மாவின் கட்டிலருகே சிறிய கணினிப் பலகை ஒன்று இருக்கிறது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அம்மாவின் விரலில் மாட்டிய கிளிப், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அதற்குச் சொல்லும். அளவு தொண்ணூறுக்குக் கீழே இறங்கினாலோ கிளிப் கழன்றாலோ பலகை மணியடிக்கும். அதில் ஓடும் நிரல் யாரும் எடுத்து ஓட்டக்கூடியது. யாரும் திருத்தி அனுப்பவும் செய்யலாம். அம்மா விரலை அசைத்தாலே மணி அடிக்கிறது, அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வருகிறாள். அதற்காகத்தான் ஒரு திருத்தம் எழுதினேன். ஒரே ஓர் அளவை நம்பாமல், கடைசியாக வந்த சில அளவுகளைச் சேர்த்து வைத்து, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளும்.

திருத்தம் அனுப்புகிறவர் கடைசியில் ஒரு வரி எழுத வேண்டும்: எந்தெந்த இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தது என்று. மடிக்கணினியில் ஓட்டினேன், சரியாக இருந்தது. பலகையில் ஓட்ட அக்கா விடவில்லை.

"ஓடுற வண்டிய நிறுத்தி எதுக்குடி சக்கரத்தக் கழட்டுற? உன் பரீட்சைக்கு அம்மாதான் கிடைச்சாங்களா?"

வீட்டில் வேறு பலகை இல்லை. வேலை முடிந்து நான் போகும் நிரல் வகுப்பில் மேசைக் கணினிகள் மட்டும்தான். பலகையின் பெயர் அந்த வரியில் இல்லாவிட்டால் காவல்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். திருத்தங்களைப் படித்துச் சேர்ப்பவருக்கு வகுப்பில் நாங்கள் வைத்த பெயர் அது; அவர் எங்கே இருக்கிறார், என்ன வயது, எதுவும் தெரியாது.

'ஓட்டிப் பார்த்தது: மடிக்கணினி, சிறு பலகை' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

காவல்காரர் என் திருத்தத்தைச் சேர்த்துவிட்டார். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவனை ஜெராக்ஸ் என்போம். எல்லாவற்றையும் பார்த்தே எழுதுவான். அவன்தான் முதலில் பார்த்துச் சொன்னான்.

"ஊர் உலகமெல்லாம் உன் நிரல் ஓடுதாமே. இனிமே எங்களையெல்லாம் ஞாபகம் வச்சுப்பியா, இல்ல அதுக்கும் ஒரு திருத்தம் அனுப்பணுமா?"

சிரித்தேன். அந்த ஒரு வரி மட்டும் செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி உறுத்தியது. எங்கள் வீட்டில் இன்னும் பழைய நிரல்தான் ஓடுகிறது. அக்கா தொட விடுவதில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

வேலையில் மதிய இடைவேளையில், இந்த நிரலை ஓட்டுகிறவர்களும் திருத்துகிறவர்களும் எழுதும் பொது அஞ்சலைத் திறந்தேன். ஒரு பெண் எழுதியிருந்தார்.

'மதியம் நான் சமையலறையில் இருந்தேன். என் கணவரின் விரலிலிருந்து கிளிப் கழன்றிருந்தது. மணி அடிக்கவில்லை. மணி அடிக்காததால் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்துவிட்டது. யாரையும் குறை சொல்லவில்லை. இன்னொரு வீட்டில் இப்படி ஆகக் கூடாது.'

அதற்குக் கீழே காவல்காரர்: 'புதிய திருத்தம் இதே பலகையில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. ஆகவே கோளாறு அதில் இருக்காது. ஒலிபெருக்கிப் பகுதியைத் தேடுவோம்.' நாலைந்து பேர் இரண்டு நாளாக அங்கே தேடிக்கொண்டிருக்கிறார்கள், என் வரியை நம்பி.

என் திருத்தத்தை எடுத்துப் படித்தேன். கிளிப் கழன்றால் மைனஸ் ஒன்று வரும். அளவுகளைச் சேர்த்து வைக்க நான் எடுத்த சிறிய எண் வகை மடிக்கணினியில் மைனஸை ஏற்கும். பலகையில் ஏற்காது, அங்கே மைனஸ் ஒன்று 255 ஆகிவிடும். தொண்ணூறைவிட எவ்வளவோ மேலே. நோயாளி நலம். இயந்திரத்துக்கு இயந்திரம் இது மாறும் என்று வகுப்பில் சொன்னதை நானே சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

காவல்காரருக்கு எழுதத் தொடங்கி அழித்தேன். நிச்சயப்படுத்திக்கொண்டு எழுதலாம் என்று தோன்றியது. அது ஒழுங்கா, ஒளிந்துகொள்வதா, இப்போதும் தெரியவில்லை. அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அக்காவிடம் பலகையைக் கேட்டேன்.

"யார் வீட்டுலயோ தீப்பிடிச்சா நம்ம வீட்டுக் கூரையப் பிரிக்கணுமா?"

"தீய வச்சதே நான்தான்க்கா."

கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தப் பெண் எழுதியதைப் படித்துக் காட்டினேன். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவங்க எங்க இருந்தாங்கன்னு சொன்ன?"

"சமையலறையில."

அக்கா அடுப்பை அணைத்தாள். வந்து அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். "நான் மூச்சப் பாத்துக்கிறேன். சீக்கிரம் முடி."

பலகையில் என் திருத்தத்தை ஏற்றினேன். திரையில் 94. அக்கா கிளிப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். 94 நின்றது, பிறகு 255 ஆனது. மணி அடிக்கவில்லை. அக்கா தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள், அடுப்படியில் நின்று காது கொடுப்பாளே, அப்படி.

"என்னடி, நான் போயிட்ட மாதிரி ரெண்டு பேரும் நிக்கிறீங்க?" என்றாள் அம்மா. "இன்னும் நேரம் இருக்கு."

அக்கா பலகையைக் காட்டினாள்.

"இன்னும் அடிக்கலையே" என்றாள் அக்கா.

"அடிக்காதுக்கா."

எண் வகைக்கு முன்னால், மைனஸையும் ஏற்கச் சொல்லும் ஒரு சொல்லைச் சேர்த்தேன். அவ்வளவுதான் வேலை. மறுபடியும் கழற்றினோம். மணி அலறியது. அக்கா அதை உடனே நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் அடிக்க விட்டாள்.

புதிய திருத்தத்தை அனுப்பினேன். 'முந்தைய திருத்தத்தில் பலகை என்று எழுதியது பொய். அதில் ஓட்டிப் பார்க்கவில்லை. கோளாறு அங்கேதான்' என்று மேலே எழுதினேன். காவல்காரர் சீக்கிரமே பதில் போட்டார்: 'சேர்த்துவிட்டேன். எல்லோருக்கும் எச்சரிக்கை போகிறது. இனி உங்கள் திருத்தம் எதையும் நான் ஏற்பதாக இல்லை. கணவரை இழந்த அந்தப் பெண்ணுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.'

சரிதான். அம்மா தூங்கிவிட்டாள், 93. அக்கா இன்னும் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. சோறு அரை வேக்காட்டில் நிற்கிறது.

நாளை வேலைக்குக் கிளம்பும் முன் அந்தப் பெண்ணுக்கு எழுத வேண்டும். மணி அடித்திருக்க வேண்டும், அடிக்காமல் போனது என் திருத்தத்தால், நீங்கள் சமையலறையில் இருந்ததால் அல்ல. என் பெயரைப் போட வேண்டும்.