தனி அடைப்பில் முதலாளியும் நர்ஸும்

கூண்டு கழுவும் கொட்டகையில் மேசை போட்டு, மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, குளிர்பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நர்ஸ் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்களுக்கென்று ஒரு நாற்காலி. அதில் இதுவரை ஓர் ஈ மட்டும் வந்து உட்கார்ந்து, எழுந்து போயிருந்தது.

ஆள் இல்லாமல் இல்லை. ஆளுயரத்துக்கு அடுக்கிய பிளாஸ்டிக் கூண்டுகளுக்குப் பின்னால் மொத்தப் படையும் நின்றுகொண்டு இடுக்கு வழியாக அவளைப் பார்த்தது. பண்ணை பண்ணையாகப் போய்க் கோழி பிடிப்பது, கோழிக்கு ஊசி போடுவது, நோய் வந்த கொட்டகையைக் காலி செய்வது, இதுதான் அவர்கள் பிழைப்பு. வாழ்நாள் முழுக்கக் கோழிக்கு ஊசி குத்திய கூட்டம், தங்களுக்கு ஊசி என்றதும் தரைக்கும் கூரைக்கும் குதித்தால் சிரிப்பு வராதா? நர்ஸுக்கு வரவில்லை. அந்தக் கூட்டத்தில் அவள் அண்ணன் நின்றான்.

அண்ணனுக்குத் தொழிலில் ‘மெஷின்’ என்று பெயர். ஒரு கையால் கோழியை வாங்கி, மறு கையால் குத்தி, தள்ளிவிட்டு, அடுத்ததை வாங்குவான். பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும். எந்தக் கொட்டகைக்குள்ளும் முதலில் நுழைகிறவன் அவன்தான். பறவைக் காய்ச்சல் பண்ணை தாண்டிப் பண்ணை என்று இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அங்கங்கே மனிதர்களையும் தொட்டுவிட்டது, இனி ஊர் உலகமெல்லாம் பரவப்போகிறது என்று செய்தியில் கத்துகிறார்கள். நோய்க் கொட்டகையைக் காலி செய்ய இன்னும் சில வாரத்தில் இவர்களுக்கு அழைப்பு வரும். இன்று தடுப்பூசி போட்டால்தான் அதற்குள் உடம்பு தயாராகும். நாளை இந்தப் பெட்டி வேறோர் ஊருக்குப் போய்விடும். ஆக, அண்ணனுக்கு இன்று விட்டால் விட்டதுதான்.

“நர்ஸம்மா, தப்பா நினைக்காதீங்க” என்று கூண்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கோழிகளை எண்ணிக் கூண்டில் அடைக்கும் பெண்ணின் குரல். போனில் எது வந்தாலும் ஊருக்கே ஒலிபரப்புவதால் அவளை எல்லாரும் ரேடியோ அக்கா என்பார்கள். “இந்த ஊசியைப் போட்டா பிடரியில இறகு முளைக்குதாம். வீடியோவே இருக்கு.”

“இறகு முளைச்சா பறந்துடலாமே, பஸ் செலவு மிச்சம்” என்றார் முதலாளி. அவர்தான் இந்த ஆட்களை வேலைக்கு அனுப்புகிற கான்ட்ராக்டர். எடுத்ததற்கெல்லாம் ஜோக் அடிப்பார், எதற்கும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

“அக்கா, அது கோமாளித்தனம். கை வலிக்கும், சிலருக்குக் காய்ச்சல் வரும். ரெண்டு நாள்ல சரியாயிடும். அவ்வளவுதான்” என்றாள் நர்ஸ்.

“அவ்வளவுதான்னு தான் எல்லாரும் சொல்றாங்க” என்றான் அண்ணன். அவன் பேசியதும் மற்றவர்கள் கப்சிப். கையில் பிரஷ், முழங்கால்வரை சோப்பு நுரை. “அன்னிக்கு அந்தக் கோழி டாக்டரும் அதைத்தானே சொன்னாரு?”

நர்ஸுக்கு உடனே புரிந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய பண்ணையில் கோழி அம்மைக்கு அண்ணன் ஊசி போட்டான். மருந்து முதல் தரம் என்று டாக்டர் சத்தியம் செய்யாத குறை. அடுத்த மாதமே அம்மை வந்து கொட்டகை கொட்டகையாகக் கோழிகள் செத்தன. மருந்து வழியிலேயே வெயிலில் கிடந்து கெட்டிருக்கிறது. ஆனால் பழி விழுந்தது அண்ணன்மேல், அவன் சரியாகக் குத்தவில்லையாம். அன்றிலிருந்து அண்ணன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். எந்தப் புது மருந்து வந்தாலும் முதலில் நாலைந்து கோழிக்குப் போட்டு, இந்தக் கொட்டகை மூலையில் இருக்கும் தனி அடைப்பில் விடுவான். அவை தீனி எடுக்கின்றனவா, தலை தொங்குகிறதா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பான். பார்த்து முடிந்த பிறகுதான் மருந்து பண்ணைக்குப் போகும். நோய் பயத்தில் அந்தக் கோழிகளை அப்புறப்படுத்தி, அடைப்பைக் கழுவிச் சுண்ணாம்பு பூசி வைத்திருந்தார்கள். இப்போது அது காலி.

அண்ணன் அந்த அடைப்பைப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள்.

“எங்க வழக்கப்படி செய்யலாம்” என்றான் அண்ணன். “நீ போட்டுக்கிட்டியா?”

நர்ஸ் விழித்தாள். முதலில் கோழியைத் தொடுகிறவர்களுக்கு, மிச்சமிருந்தால் நர்ஸுகளுக்கு என்பதுதான் உத்தரவு. “இன்னும் இல்ல” என்றாள்.

கூண்டுகளுக்குப் பின்னால் எழுந்த கூச்சலைக் கேட்கவேண்டுமே! “பாத்தீங்களா, அவங்களே போட்டுக்கல!” என்று ரேடியோ அக்கா ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டாள். நர்ஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தன் டாக்டருக்குப் போன் போட்டாள். “இருக்கிறதே மீந்துபோகும் போலிருக்கு, தாராளமா போட்டுக்கம்மா” என்றார் அவர். ஊசியை எடுத்தாள், மருந்தை ஏற்றினாள், இடது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டி எல்லார் எதிரிலும் தனக்குத்தானே குத்திக்கொண்டாள்.

“அடேயப்பா!” என்றார் முதலாளி.

“அடுத்தது நீங்கதான் மொதலாளி” என்றான் அண்ணன். “ஒத்தக் கோழியை வச்சு எப்படிப் பார்க்கிறது?”

முதலாளி வாசலைப் பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, “எனக்கு இறகு முளைச்சா எவனும் சிரிக்கக் கூடாது” என்றார். இந்த முறைதான் எல்லாரும் சிரித்தார்கள்.

இப்படியாக முதலாளியும் நர்ஸும் தனி அடைப்பில் விடப்பட்டார்கள். இடுப்பளவுச் சுவர், அதற்குமேல் கம்பி வலை, உள்ளே இரண்டு ஸ்டூல், ஒரு குடம் தண்ணீர். வெளியே வேலை நடந்தது என்றுதான் பெயர். கூண்டு தூக்குகிறவன் நேர்வழியை விட்டுச் சுற்றுவழியில் போய் வலைக்குள் எட்டிப் பார்த்தான். குழாய் பிடிக்கிறவன் தண்ணீரைத் தன் காலிலேயே அடித்துக்கொண்டு இங்கே பார்த்தான்.

“தண்ணி குடிச்சிச்சா?”

“நர்ஸம்மா குடிச்சிச்சு. மொதலாளி இன்னும் இல்ல.”

“மூலையில ஒண்டுதா?”

“இல்ல, போன் பேசுது.”

அஃறிணையில் பேசுகிறார்களே என்று முதலாளிக்கு ரோஷம். அதற்காகவே மடக் மடக்கென்று அரைக் குடத்தைக் காலி செய்தார். தெளிவாகத்தான் இருக்கிறது என்று வெளியே ஒருவன் சான்றிதழ் கொடுத்தான். நர்ஸுக்கு முதலில் அவமானமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது போய் ஓர் உற்சாகம் தொற்றிக்கொண்டது. மாதக்கணக்காகத் தொண்டை வற்றப் பேசியும் ஏறிட்டுப் பார்க்காத ஜனம், இன்று கண் கொட்டாமல் பார்க்கிறதே! மத்தியானத்துக்குள் நாலு பேர் வலையருகே வந்து, ஊசி எவ்வளவு ஆழம் போகும், சர்க்கரை வியாதிக்காரர் போட்டுக்கொள்ளலாமா என்றெல்லாம் கேட்டுவிட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது வினை. உண்ட மயக்கத்தில் முதலாளியின் கண் செருகியது. தலை மெல்லத் தொங்கி, தாடை நெஞ்சில் இடித்தது. தோள்கள் இரண்டு பக்கமும் சரிந்தன. தூங்குகிற மனிதன் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கோழிக்காரர்கள்.

“தலை தொங்கிடுச்சு! றெக்கை விழுந்துடுச்சு!” என்று ரேடியோ அக்கா வீறிட்டாள். கூண்டுகள் தடதடவென்று சரிந்தன. பாதிப் பேர் வாசலுக்கு ஓட, மீதிப் பேர் அடைப்புக்கு ஓடிவர, இரண்டு கூட்டமும் நடுவில் மோதிக்கொண்டன. முதலாளி அலறி எழுந்து, மேலே தொங்கிய தீனித் தொட்டியில் தலையை முட்டிக்கொண்டார். நிலைமை புரிந்ததும் இரண்டு கையையும் படபடவென்று அடித்துக்கொண்டு அடைப்பைச் சுற்றி ஓடிக் காட்டினார். நர்ஸுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள், அசடு வழியச் சரிந்த கூண்டுகளை அடுக்கினார்கள்.

வெயில் தாழ்ந்தபோது நர்ஸுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. முதுகில் சில்லென்று ஏதோ ஊர்ந்தது. இடது கை கனத்தது. கண்ணுக்குள் சூடு. காய்ச்சல்.

பயப்பட ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் பயமெல்லாம் வெளியே இருந்தவர்களைப் பற்றித்தான். கொட்டகையின் காற்றே மாறியிருந்தது. ஐந்தாறு பேர் மேசைப் பக்கம் ஒதுங்கி, சட்டைக் கையை மடிப்பதா வேண்டாமா என்று நின்றார்கள். அண்ணன்கூட பிரஷைக் கீழே வைத்திருந்தான். பையில் காய்ச்சல் மாத்திரை இருந்தது. நைசாக விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தால் போதும், ஒருவருக்கும் தெரியாது, அண்ணன் போட்டுக்கொள்வான். மாத்திரையைக் கையில் எடுத்தும்விட்டாள்.

விழுங்கினால், அந்தக் கோழி டாக்டருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்?

எழுந்து நின்றாள். “எல்லாரும் கேளுங்க. எனக்குக் காய்ச்சல் வந்திருக்கு. காலையில சொன்னேனே, சிலருக்கு வரும்னு. அதுதான்.”

அவ்வளவுதான். “நான் சொன்னப்போ யாராவது கேட்டீங்களா?” என்று ரேடியோ அக்கா தலையில் கை வைத்தாள். மேசைப் பக்கம் நின்றவர்கள் நெருப்பை மிதித்தவர்கள்போல் விலகினார்கள். நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

பார்த்து முடிகிறவரை அந்த அடைப்புக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. அது அண்ணன் போட்ட சட்டம், அதை மீறியவனை அவன் வேலையைவிட்டே அனுப்பியிருக்கிறான். அந்த அண்ணன் இப்போது கதவைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல், வலையைத் தூக்கிச் சுவரைத் தாண்டி உள்ளே குதித்தான். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவள் நெற்றியில் வைத்தான்.

“ஏய், கொதிக்குதே! உட்காரு முதல்ல. மாத்திரை இருக்கா?”

அவள் உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். அதை அவளை விழுங்க வைத்து, தண்ணீர் கொடுத்தான். பிறகு, பழக்க தோஷம், இறக்கையை விரித்துப் பார்ப்பதுபோல அவள் கையைத் தூக்கிப் பிடித்து, ஊசி குத்திய இடத்தை வெளிச்சத்தில் காட்டினான். சிவந்து, தடித்து, சின்னதாக வீங்கியிருந்தது. அவன் முகம் மலர்ந்ததே பார்க்கவேண்டும்!

“பிடிச்சிருக்கு!” என்று கத்தினான். “வந்து பாருங்கடா! வீங்கியிருக்கு! மருந்துக்கு உயிர் இருக்கு!”

கூட்டம் மொத்தமும் வலையில் வந்து அப்பிக்கொண்டது. கோழிக்கு அம்மை ஊசி போட்டால் சில நாள் கழித்து இறக்கையைப் பார்ப்பார்கள். குத்திய இடம் வீங்கினால் மருந்து வேலை செய்கிறது. வீங்காவிட்டால் மருந்து செத்தது. அந்தக் கெட்ட மருந்தில் ஓர் இறக்கைகூட வீங்கவில்லை. அண்ணன் அதைச் சொல்லிக் கத்தியும் ஒருவரும் காது கொடுக்கவில்லை. அது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

அண்ணன் அடுத்து முதலாளியின் கையைப் பிடித்துச் சட்டையைச் சுருட்டினான். அங்கே கொசு கடித்த தடம்கூட இல்லை. “மொதலாளிக்குப் பிடிக்கல! இன்னொண்ணு போடு!” முதலாளி “ஐயையோ” என்று ஸ்டூலுக்குப் பின்னால் ஒளிந்தார். கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக மேசைக்கு எதிரே வரிசை சேர்ந்துவிட்டது! ரேடியோ அக்காகூட வரிசையின் வாலில் நின்றாள்.

நர்ஸ் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். வரிசை தயார், அண்ணன் தயார்.

“அண்ணா” என்றாள். “அது அப்படி இல்ல. இது கோழி அம்மை மருந்து மாதிரி இல்ல. வீங்கினாலும் வேலை செய்யும், வீங்கலேன்னாலும் வேலை செய்யும். மொதலாளிக்கும் போட்டது போட்டதுதான். வீக்கம் சாட்சி இல்ல.”

சிரிப்பு நின்றது. வரிசை நெளிந்தது. அண்ணன் அவளையே பார்த்தான்.

“அப்ப எதை வச்சு நம்பறது?”

“பெட்டியைக் குளிர்ச்சி விடாம என் கையால கொண்டு வந்தேன். நிறையப் பேருக்குப் போட்டுப் பார்த்திருக்காங்க. நோய் வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. வந்தாலும் பிழைக்க வாய்ப்பு அதிகம், அது தெரியும்.” காய்ச்சலோ அழுகையோ, குரல் உடைந்தது. “எல்லாக் கொட்டகைக்குள்ளயும் நீதான் முதல்ல போற. எனக்குப் பயமா இருக்குண்ணா. எனக்கு வேற அண்ணன் இல்ல.”



“தெரியாதுங்கற வார்த்தையை அந்த டாக்டர் ஒரு தடவைகூடச் சொன்னதில்ல” என்றான் அண்ணன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டினான். “போடு.”

முதலாளி மேசையடியிலிருந்து பெட்டியை எடுத்துவந்து கொடுத்தார். நர்ஸ் மருந்தை ஏற்றினாள். விரல்கள் நடுங்கின.

“கை நடுங்குதே, இப்படியா ஊசி போடுவ?” என்று அதட்டிவிட்டு, அண்ணன் தன் மறு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். எத்தனையோ ஆயிரம் கோழிக்குக் குத்திய கை, துளி ஆடவில்லை. ஆள் மட்டும் முகத்தை மறுபக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“போட்டியா?”

“போட்டாச்சு.”

“பொய் சொல்லாத.”

“போட்டாச்சுண்ணா.”

அவன் ஒரு கண்ணைத் திறந்து கையைப் பார்த்தான். “இவ்வளவுதானா? இதுக்கா கோழிங்க அந்தக் கத்து கத்துது?”

கொட்டகை மறுபடி அதிர்ந்தது. அடுத்த ஆள் அடைப்புக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து சட்டையைச் சுருட்டினான். நர்ஸ் அடுத்த ஊசியில் மருந்தை ஏற்றினாள். அண்ணன் பக்கத்திலேயே நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.